ஏன் போனார்கள்? ஏன் நின்றார்கள்?

சவுத்தாலில் எமது வீடுகள் பலவற்றின் வரவேற்பறையில், சாமிப் படங்களுக்கு அருகே, ஓர் இளைஞனின் அல்லது யுவதியின் பழைய படம் இருக்கிறது. பெரும்பாலும் அது அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படத்தைப் பெருப்பித்ததாக இருக்கும். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்றோ ஒருநாள் அதைக் காட்டி, "இவர் ஏன் இயக்கத்துக்குப் போனவர்?" என்று கேட்கிறார்கள். நாம் வைத்திருக்கும் பதில்கள் இரண்டுதான். "இனத்துக்காகப் போனவர்" என்போம். அல்லது "பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்போம். அதற்குமேல் கதை நகர்வதில்லை.

இரண்டு பதில்களிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை வீட்டை விட்டு வெளிக்கிட்டதற்கும், ஐந்து வருடம் கழித்தும் அங்கேயே நின்றதற்கும் ஒரே காரணம் இருந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எமது போராட்டத்தின் நாற்பது ஆண்டுக் கதையைப் பார்த்தாலும் சரி, உலகப் போர்களின் கதைகளைப் பார்த்தாலும் சரி, சேர்வதற்கான காரணம் வேறு, நிலைப்பதற்கான காரணம் வேறு என்பது தெரிகிறது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வது எமது பிள்ளைகளுக்கும் நல்லது, போய்த் திரும்பி இன்று எம்மிடையே வாழ்பவர்களுக்கும் நல்லது. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

தள்ளியது எது?

1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தல், படிப்பையே முதுசமாக எண்ணி வாழ்ந்த வடபகுதிக் குடும்பங்களின் நம்பிக்கையை உடைத்தது. 1974 தைமாதம் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் உயிர்கள் பலியாகின. அதே ஆண்டு ஜூன் மாதம் உரும்பிராயைச் சேர்ந்த பொன்னுத்துரை சிவகுமாரன் பொலிசாரிடம் பிடிபடும் வேளையில் சயனைட் அருந்தி உயிர்விட்டார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டது. இவ்வளவு நடந்தும் இயக்கங்களில் இருந்தவர்களின் தொகை மிகச் சிறியதாகவே இருந்தது. எல்லாரையும் சேர்த்தாலும் சில நூறு பேரைத் தாண்டியிராது.

1983 ஜூலை எல்லாவற்றையும் மாற்றியது. 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதை அடுத்து, கொழும்பிலும் தென்னிலங்கையிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். வெலிக்கடைச் சிறையில் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படகேறினார்கள். தமிழ்நாட்டில் முகாம்கள் நிரம்பின. இந்திய அரசும் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. அந்நாட்களில் இயக்கங்கள் ஆள் தேடி அலையவில்லை. தேடிவந்தவர்களை எங்கே தங்கவைப்பது என்பதே அவற்றின் கவலையாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பிள்ளைகள் ஆயுதம் எடுப்பதற்கான காரணங்கள் பற்றிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் 2002ஆம் ஆண்டு எழுதினார். அக்காரணங்களை அவர் தள்ளும் காரணங்கள், இழுக்கும் காரணங்கள் என்று பிரித்துக் காட்டினார். கண்முன்னே உறவினர் கொல்லப்படுவது, வீடு அழிவது, இடம்பெயர்வது, படிப்பும் தொழிலும் இல்லாமற்போவது ஆகியவை தள்ளுவன. சுவரொட்டிகள், பாடல்கள், பாடசாலைகளில் நடக்கும் கூட்டங்கள், வீரச்சாவு ஊர்வலங்கள் ஆகியவை இழுப்பன.

தள்ளும் காரணங்களை நாம் நன்கு அறிவோம். சுற்றிவளைப்பில் தகப்பனை முழங்காலில் நிறுத்தி அடிப்பதைக் கண்ட பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குப் பயத்தைவிடப் பெரியது அவமானம். கையில் துவக்கு வந்ததும் பயம் போய்விடாது. ஆனால் அவமானம் போய்விட்டதுபோல் தோன்றும். ஆட்சேர்ப்பவர்கள் எந்த நாட்டிலும் முதலில் கண்டுகொள்வது இந்த அவமானத்தைத்தான்.

கூட்டாளி போன வழி

ஆனால் காயப்பட்ட எல்லாரும் போகவில்லை. ஒரே தெருவில், ஒரே சுற்றிவளைப்பில் அடிபட்டவர்களில் ஒருவன் இயக்கத்துக்குப் போனான், ஒருவன் ஜேர்மனிக்குப் போனான், ஒருவன் கடையைத் திறந்துகொண்டு அங்கேயே இருந்தான். என்ன வித்தியாசம்?

விடுதலைப் புலிகள், ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எவ், ஈரோஸ் என ஐந்து பெரிய இயக்கங்கள் இருந்த அக்காலத்தில், ஒவ்வொன்றின் கொள்கை அறிக்கையையும் வாசித்து ஒப்பிட்டுச் சேர்ந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் தம் வகுப்புத் தோழன் எதில் இருந்தானோ அதில் சேர்ந்தார்கள். ரியூசன் வகுப்பில் பக்கத்தில் இருந்தவன், விளையாட்டுக் கழகத்தின் தலைவன், மச்சான், ஒன்றுவிட்ட தமையன் ஆகியோரே வாசற்கதவுகளாக இருந்தார்கள். ஒரு ஊரின் வாசிகசாலையில் யார் முதலில் வந்து கதைத்தார்களோ, அந்த ஊரே அந்த இயக்கத்தின் ஊராக அறியப்பட்டது. அந்தத் தற்செயலுக்கு 1986இல் பலர் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு சித்திரை, வைகாசி மாதங்களில் புலிகள் ரெலோவை அழித்தபோது கொல்லப்பட்ட இளைஞர்களுக்கும் கொன்ற இளைஞர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு, பல இடங்களில், யாருடைய கூட்டாளி யார் என்பது மட்டுமே.

இது எமக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணவேண்டாம். 1914இல் பிரித்தானியாவில் கிச்சினர் பிரபு ஆட்சேர்ப்புக்கு அழைத்தபோது, ஒரே ஊரவர்களும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் சேர்ந்து வந்தால் பிரிக்கமாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். 'நண்பர் பட்டாளங்கள்' என்று அவை பெயர் பெற்றன. ஊரே சேர்ந்து போகும்போது வீட்டில் நிற்பது வெட்கமாக இருந்தது. 1916 ஜூலை 1ஆம் திகதி சோம் சமரில் அக்றிங்ரன் என்னும் சிறுநகரத்தின் பெயரைத் தாங்கிய பட்டாளத்தில் ஏறத்தாழ 700 பேர் முன்னேறினார்கள். அவர்களில் 584 பேர் இறந்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே விழுந்தார்கள். ஒரே தெருவில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் ஒப்பாரி எழுந்தது.

நிறுத்தி வைத்தது எது?

சேர்ந்தவனை நிறுத்தி வைப்பது வேறு வேலை. கோபம் ஆறிவிடும். பாடல் பழகிவிடும். பங்கர் வெட்டுவதும் காவலுக்கு நிற்பதும் மலேரியாக் காய்ச்சலும் எந்தக் கொள்கையையும் களைப்படையச் செய்யும். அப்படியும் ஏன் நின்றார்கள்?

முதலில் பெயர் மாறியது. வீட்டுப் பெயர் போய் இயக்கப் பெயர் வந்தது. அதோடு தாய் தகப்பன், சாதி, ஊர் எல்லாம் ஒருபடி தூரத்துக்குப் போயின. சாதி கேட்டுத் தண்ணீர் கொடுத்த சமூகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே கோப்பையில் எல்லாரும் சாப்பிட்ட முகாம் உண்மையிலேயே புதிய உலகமாக இருந்திருக்கும். சமையலறைக்குள் அடைபட்டிருந்த பெண்பிள்ளைக்கும் அப்படியே. புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழினி, பாடசாலை மாணவியாக இருந்தபோது 1991இல் இயக்கத்தில் இணைந்தவர். அவருடைய மறைவுக்குப் பின் 2016இல் வெளியான 'ஒரு கூர்வாளின் நிழலில்' என்னும் நூலை வாசிப்பவர்கள், இயக்கம் ஒரு பெண்ணுக்குக் கொடுத்ததையும் அவளிடமிருந்து எடுத்ததையும் ஒருங்கே காணலாம்.

அடுத்து வந்தது உறவு. எட்வேர்ட் ஷில்ஸ், மொறிஸ் ஜனோவிற்ஸ் என்னும் இரு அமெரிக்க சமூகவியலாளர்கள், இரண்டாம் உலகப் போரில் தோல்வி உறுதியான பின்னும் ஜேர்மன் சிப்பாய்கள் ஏன் சண்டையிட்டார்கள் என்று ஆராய்ந்து 1948இல் எழுதினார்கள். கொள்கைப் பற்றைவிட, பக்கத்துக் குழியில் இருப்பவனைக் கைவிட முடியாத உணர்வே அவர்களை நிறுத்தியது என்பது அவர்களுடைய முடிவு. எமது பெடியளுக்கும் இது பொருந்தும். தன்னோடு கஞ்சி பகிர்ந்தவன் சென்ரியில் நிற்கும்போது தான் மட்டும் வீட்டுக்குப் போவது எப்படி? உயிரோடு இருப்பவனைவிட இறந்தவன் இன்னும் இறுக்கமாகக் கட்டிவைத்தான். அவன் உயிரைக் கொடுத்துவிட்டான், நான் திரும்பிப் போனால் அந்த உயிருக்கு என்ன பெறுமதி என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்கள் பலர். கழுத்தில் தொங்கிய குப்பியும், கார்த்திகை 27இல் ஏற்றிய சுடரும், எரிப்பதே வழக்கமான சைவ சமூகத்தில் புதிதாக எழுந்த துயிலும் இல்லங்களும் இந்தக் கடனை ஒவ்வொரு நாளும் நினைவூட்டின.

இதை ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. அந்த அன்பு உண்மையானது. உண்மையானது என்பதாற்றான் அதைப் பயன்படுத்தவும் முடிந்தது.

மூடிய கதவு

உறவு போதாமற்போன இடத்தில் பயம் வந்தது. ஜேர்மன் சிப்பாய்களைப் பற்றிய அந்த ஆய்வுக்குப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள், அதே படை தன் சொந்தச் சிப்பாய்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றதையும் எடுத்துக் காட்டினார்கள். நட்பு ஒருபுறம் இழுத்தது, துப்பாக்கி மறுபுறம் தடுத்தது.

எமது இயக்கங்களிலும் அதுவே நடந்தது. 1980களின் நடுப்பகுதியில் தஞ்சாவூர் ஒரத்தநாட்டுப் பகுதியில் இருந்த புளொட் முகாம்களில் கேள்வி கேட்டவர்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள், கொல்லப்பட்டார்கள். அந்த இயக்கத்திலிருந்து வெளியேறிய கோவிந்தன் 1985இலேயே 'புதியதோர் உலகம்' என்னும் நாவலில் அதை எழுதினார். 1989இல் இந்தியப் படை நிலைகொண்டிருந்த காலத்தில், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் ஈபிஆர்எல்எவ்வும் அதனோடு நின்ற இயக்கங்களும் பாடசாலைப் பிள்ளைகளைத் தெருவில் பிடித்தார்கள். மீசை முளைக்காத பிள்ளைகளுக்குத் துவக்கைக் கொடுத்து நிறுத்திவிட்டு, இந்தியப் படை போனதும் அவர்களைக் கைவிட்டார்கள். பிள்ளைகளைக் கப்பலேற்றவும் கொழும்புக்கு அனுப்பவும் பெற்றோர் ஓடித்திரிந்த அந்த மாதங்களில் வெளிக்கிட்டவர்கள் இன்று லண்டனில் நடுவயதைத் தாண்டிவிட்டார்கள்.

புலிகளின் பகுதிகளில் வெளியேறுவதற்குப் 'பாஸ்' வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. 1998 மே மாதம் வன்னிக்கு வந்த ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுனுவிடம், 17 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று புலிகள் வாக்களித்தார்கள். ஆனால் 2003 முதல் 2008 இறுதிவரை புலிகள் சேர்த்த சிறுவர்களாக யூனிசெவ் பதிவுசெய்தவர்கள் 6,000 பேருக்கு மேல். தப்பி ஓடிப் பிடிபட்ட பிள்ளைகள் மற்றவர்களின் முன்னிலையில் அடிக்கப்பட்டதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2004இல் பதிவுசெய்தது. கிழக்கில் 2004இல் பிரிந்துபோன கருணா அணியும் பின்னர் அதே வழியிற் பிள்ளைகளைப் பிடித்தது. கடைசி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்ற நிலை வந்தபோது, பிடிபடாமல் இருக்கப் பதினாறு வயதிலேயே பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவைத்த பெற்றோர் உண்டு. 1983இல் தேடிவந்தவர்களைத் தங்கவைக்க இடமில்லாமல் இருந்த போராட்டம், 2008இல் வீட்டுக் கூரைக்குள் ஒளித்திருந்தவர்களை இழுத்துச் சென்றது. இந்த மாற்றத்தை எந்தப் பாடலும் மறைக்க முடியாது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். இலங்கை இராணுவத்தில் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. வேலையில்லாத சிங்களக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகளே அதில் நிறைந்திருந்தார்கள். மாதச் சம்பளமும், இறந்தால் குடும்பத்துக்குத் தொடரும் பணமும், 'ரணவிரு' என்ற பட்டமும் அவர்களை இழுத்தன. எனினும் பல்லாயிரக்கணக்கானோர் சொல்லாமற் கொள்ளாமற் படையை விட்டு ஓடினார்கள். அரசு திரும்பத் திரும்பப் பொது மன்னிப்பு அறிவித்து அவர்களை அழைக்கவேண்டி வந்தது. வீடு கட்டத் தகரமும் சீமெந்தும் வாங்கப் பணம் தேடிப் போன பிள்ளையை, எம்மைச் சுடும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும் இந்த ஆட்சேர்ப்பின் கணக்குத்தான்.

சவுத்தாலில் எமது அயலவர்

இவ்வூரில் எம்மோடு வாழும் பஞ்சாபிக் குடும்பங்களுக்கும் இந்தக் கதை தெரியும். முதலாம் உலகப் போரில் ஏறத்தாழ 13 இலட்சம் இந்தியர் பிரித்தானியப் பேரரசுக்காகச் சென்றார்கள். அவர்களில் பெரும்பங்கு பஞ்சாபிகள். சீக்கியரையும் கூர்க்காக்களையும் 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று புகழ்ந்த ஆங்கிலேயர், சென்னை மாகாணத்தவர்களை அதற்குத் தகாதவர்கள் என்று ஒதுக்கினார்கள். ஒரு இனத்தை வீரர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த இனத்துப் பிள்ளை மறுத்து நிற்பது கடினம். பட்டத்தோடு கால்வாய்ப் பாசன நிலமும் கிடைத்தது. அதுவும் போதாமற்போனபோது, மைக்கேல் ஓட்வையர் ஆளுநராக இருந்த காலத்தில், ஊருக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கட்டி நெருக்கினார்கள். புகழ், பணம், பிறகு பலவந்தம் என்ற வரிசை எமக்கும் அந்நியமானதல்ல.

பிரான்சிலிருந்து அச்சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் வாசித்துப் படியெடுத்து வைத்தார்கள். அவை இன்றும் லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. மிளகு முடிகிறது என்று சிலர் எழுதினார்கள். கறுத்த மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவந்த மிளகாய் என்றால் வெள்ளைச் சிப்பாய். தம்பியைப் படைக்கு அனுப்பவேண்டாம் என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் அவர்களும் தம் பிளற்றூனை விட்டு ஓடவில்லை. சேர்ந்தது பிழை என்று தெரிந்த பின்னும் நிற்கமுடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்று எமது பிள்ளைகள் படிக்கும் நாட்டில், பெற்றோரின் சம்மதத்தோடு 16 வயதில் இராணுவத்தில் சேரலாம். 18 வயதுவரை சண்டைக்கு அனுப்புவதில்லை. 2017இல் பிரித்தானிய இராணுவம் தொடங்கிய விளம்பர வரிசையில் துவக்கைவிட முன்னுக்கு நின்றது 'இது உனக்குரிய இடம்' என்னும் உறவுணர்வு. ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் தோழமையைக் காட்டினார்கள். ஆட்சேர்ப்பவர்களுக்கு விஷயம் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சம்பளத்தைவிட, தன்னைத் தன்னுடையவன் என்று சொல்ல நாலு பேர் தேவை. தெருக் கும்பல்களும் அதைத்தான் கொடுக்கின்றன.

இவை எல்லாம் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு, அது வெளியேறும் கதவு. இங்கு இராணுவத்தில் சேர்ந்த 18 வயதுக்குட்பட்டவர், தொடக்கத்துச் சில வாரங்கள் கழிந்தபின், எழுத்தில் அறிவித்து விலகலாம். பதினெட்டாவது பிறந்தநாள் கழிந்தால் பொதுவாக நான்கு ஆண்டுகள் கட்டுப்பட்டிருக்கவேண்டும். இதைப் பிள்ளையோடு இருந்து வாசித்து விளங்கிக்கொண்ட பின்பே பெற்றோர் கையெழுத்து வைக்கவேண்டும். எந்தப் படையையும், எந்தக் கும்பலையும், எந்த அமைப்பையும் எடைபோட எமக்கு உதவும் கேள்வி இதுதான்: சேரும்போது என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, போகிறேன் என்று சொன்னால் என்ன செய்கிறார்கள்?

எமது வீடுகளில் செய்யவேண்டியது

முதலாவது, பிள்ளைகள் கேட்டால் முழுக்கதையையும் சொல்லுவோம். ஏன் போனார் என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கூட்டாளியோடு போனார், திரும்பிவர நினைத்தாரா, வரமுடிந்ததா என்பதையும் தெரிந்தவரை சொல்லுவோம். படத்தில் இருப்பவரைச் சிலையாக்கினால், பிள்ளைக்கு ஒன்று வழிபடலாம் அல்லது வெறுக்கலாம். மனிதராகக் காட்டினால் விளங்கிக்கொள்ளலாம். நாம் சொல்லாவிட்டால், அதே கதையைத் தன் தேவைக்கு ஏற்பச் சொல்ல வேறு ஒருவர் வருவார்.

இரண்டாவது, பிள்ளையின் அவமானத்தைக் கவனிப்போம். பாடசாலையில் நிறம் சொல்லிப் பழிக்கப்பட்டதோ, பரீட்சையில் புள்ளி குறைந்ததோ, வீட்டில் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடப்பட்டதோ, எதுவாயினும் அதைக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். இரண்டு வேலை செய்து களைத்து வரும் பெற்றோருக்கு இது எளிதல்ல என்பது எமக்குத் தெரியும். மாமாவோ, அத்தையோ, தமிழ்ப் பள்ளி ஆசிரியரோ, விளையாட்டுப் பயிற்சியாளரோ அந்த ஒருவராக இருக்கலாம்.

மூன்றாவது, போய்த் திரும்பியவர்கள். 2009 மே மாதத்துக்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் தடுப்பு முகாம்களுக்குள் சென்று வந்தார்கள். அதற்கு முந்திய காலங்களில் விலகி வந்தவர்களும் ஐந்து இயக்கங்களிலிருந்தும் இங்கு இருக்கிறார்கள். கடை வேலையிலும் பெற்றோல் நிலையத்திலும் எம் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர்கள் அமைப்பை விட்டு வந்தாலும் இறந்த தோழர்களை விட்டு வரவில்லை. கார்த்திகை மாதம் வந்தால் சிலருக்கு நித்திரை வராது. அவர்களை மாவீரர் என்று மேடையேற்றுவதும் துரோகி என்று ஒதுக்குவதும் அவர்களைப் பழைய கட்டுக்குள் மறுபடி தள்ளுவதேயாகும். சாப்பிட அழைப்போம், கதைக்க விரும்பினால் கேட்போம், விரும்பாவிட்டால் விடுவோம். நித்திரையின்மையும் கோபமும் குடியும் அளவு மீறினால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிச் செல்வோம். மொழி தெரியாவிட்டால் உரைபெயர்ப்பாளரைக் கேட்கும் வசதி உண்டு.

ஒரு சமூகம் தன் பிள்ளைகளை எதற்காக அனுப்பியது என்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் திரும்பிவரும் வழி புல் மூடிவிடும். அந்த வழியைத் துப்புரவாக வைத்திருப்பது எமது வேலை.